பதினைந்து நாள் கழித்து

“இல்லைன்னு எழுதிக்கம்மா,” என்றார் மாமியார் ராம்துலாரி, பட்டாணி உரித்தபடியே.

நான் கேட்டது மருமகள் சந்தாவை. வாழவே பிடிக்காமல் போனதுண்டா என்பது கேள்வி.

“இல்ல தீதி,” என்றாள் சந்தா, முக்காட்டுக்குள்ளிருந்து.

சாகத் தோன்றும் எண்ணத்தை அளக்கிற கேள்வித்தாள் அது. ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாற்றி, சரியாக அளக்கிறதா என்று கான்பூரில் வீடு வீடாகச் சோதித்துக்கொண்டிருந்தோம். பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதிய புண்ணியவான் எந்த மாமியாரையும் எழுந்து போகச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார். நான் ஒரு வீட்டில் சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காமல் வெளியே வந்தவள். இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை.

“இவளுக்கு என்ன குறை? மூணு வேளை ரொட்டி, வீட்டுக்குள்ளயே குழாய்!” என்று ராம்துலாரி நடுநடுவே சேர்த்துக்கொண்டார்.

பத்தொன்பது கேள்விக்கும் இல்லை. மொத்தம் பூஜ்யம். வேலை சீக்கிரம் முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

“பதினைஞ்சு நாள் கழிச்சு மறுபடி வருவேம்மா. இதே கேள்விதான்.”

“ஏன், அதுக்குள்ள பதில் மறந்துடுமா உனக்கு?”

“ரெண்டு தடவையும் ஒரே மாதிரி சொல்றாங்களான்னு பார்க்கணும்.”

“சொல்லுவா, சொல்லுவா. நான் எங்க போகப் போறேன், பக்கத்துலதானே இருப்பேன்!” என்று சிரித்தார்.

வழியனுப்ப சந்தா வாசல்வரை வந்தாள். மாமியார் கண்ணுக்கு மறைந்ததும் முக்காட்டைக் கொஞ்சம் விலக்கினாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது.

“தீதி, நிச்சயமா வருவீங்களா?”

“வருவேன். இருபத்துமூணாம் தேதி.”

விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“சரி. அதுவரைக்கும் இருக்கேன்.”

மாட்டிய ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

“அந்தப் பொண்ணு இன்னும் போகலையா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“போகலம்மா,” என்றேன்.