பானெட் மேல் ஒரு டீ

"இன்னும் அப்படியேதான் ஒதறுதுங்க தம்பி. கியர் குச்சி கையில நிக்கவே மாட்டேங்குது. செகண்டு விழவே இல்லீங்க."

ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகச் சாமியப்பன் வந்து நின்றார். முப்பத்தெட்டு வருடமாக அதே பிக்கப்பில் பனியன் துணி ரோல் ஏற்றி ஓட்டுகிறவர்.

மெக்கானிக் ராஜபாண்டிக்கு ரோசம் வந்துவிட்டது. கார்புரேட்டர், இன்ஜின் மவுண்ட், கிளட்ச் பிளேட் எல்லாம் மாற்றியாயிற்று. பல்லடம் வரை அவனே ஓட்டியும் பார்த்துவிட்டான். கியர் வெண்ணெயாக விழுந்தது.

"இங்க பாருங்கண்ணே!"

இன்ஜினை ஓடவிட்டு, விளிம்பு வரை டீ நிறைந்த கிளாஸைப் பானெட் மேல் வைத்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"எங்க ஒதறுது? சொல்லுங்க!"

சாமியப்பன் குனிந்து கிளாஸையே பார்த்தார்.

"சரி, டீயைக் குடிங்க" என்று கிளாஸை எடுத்து நீட்டினான்.

வாங்கிய கையில் டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. இன்னொரு கையும் சேர்த்துப் பிடித்தார். அப்போதும் கிளாஸ் நிற்கவில்லை.

ராஜபாண்டி அவசரமாகப் போய் இன்ஜினை அணைத்தான்.

"நீங்க சொன்னதுதாண்ணே சரி. வண்டியிலதான் கோளாறு. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

"சரியாக எத்தன நாளாகுங்க தம்பி?"

கேட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார் சாமியப்பன்.