செத்தவனின் நல்ல குணங்கள்

திரை விலகியாயிற்று. பெஞ்சின் மேல் நான் செத்துக் கிடக்கிறேன். என் மனைவி இன்னும் அழவில்லை.

நாடகத்தின் முதல் காட்சியே என் சாவுதான். விதவையாக நடிப்பவள் என் சொந்த மனைவி. நிஜப் புருஷன் பெண்டாட்டியையே நடிக்க வைத்தால் அழுகை தானாக வந்துவிடும் என்று டாக்டர் கணக்குப் போட்டார்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். எங்கள் குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுகிறவர். இதுவரை எனக்குக் கூட்டத்தில் ஒருவன் வேஷம்தான் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை பெஞ்சு முழுக்க எனக்கே.

ஒத்திகையில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. என் முகத்தைப் பார்ப்பாள், வாயைப் பொத்திக்கொள்வாள், தோள் குலுங்கும்.

"கட்டின புருஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே, சார்" என்று எல்லார் முன்னாலும் அனுதாபப்பட்டான், என் தம்பியாக நடிக்கும் இரண்டாம் மாடி இன்ஜினீயர். என் மானம் கப்பலேறிவிட்டது.

டாக்டர் கிளிசரின் வாங்கி வருவதாகச் சொன்னார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்காக என் பெண்டாட்டி கிளிசரின் போட்டுக்கொண்டு அழுவதா? அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. செத்தவன் யார், எப்படிப்பட்டவன் என்றே தெரியாமல் அவள் எப்படி அழுவாள்? டாக்டரிடம் போய், இவன் என்ன வேலை பார்த்தான், எதனால் செத்தான், வீட்டில் எப்படி இருந்தான் என்று கேட்டேன். உனக்கு வசனமே கிடையாது, பேசாமல் படு என்றார்.

நடிப்பைப் பற்றிப் பல் டாக்டருக்கு என்ன தெரியும். பாத்திரத்தை நானே ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

காலையில் அவள் சமைக்கும்போது பக்கத்தில் நின்று செத்தவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ரயில்வேயில் வேலை. தங்கமான மனுஷன். மனைவியும் கூட உட்காராமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டான்.

அவள் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

ஆகா, வேலை செய்கிறது என்று மேலும் அவிழ்த்துவிட்டேன். ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட மாட்டான். அவள் பேச ஆரம்பித்தால் பேப்பரை மடித்து வைத்துவிடுவான். அவள் தங்கைகள் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான்.

மறுநாளிலிருந்து அவளே கேட்க ஆரம்பித்தாள். வெளியூர் போனால் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவாரா? தலைவலி என்று படுத்தால் என்ன செய்வார்? சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அடுப்பில் இருந்தது தீய்ந்து நாறியது. அவள் கவனிக்கவே இல்லை, அப்படி ஓர் ஈடுபாடு.

இன்று காலை, அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டாள். தூக்கத்திலேயே, அவளுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல் என்றேன். அவள் முகம் வாடிப்போனது. எனக்கோ குஷி தாங்கவில்லை.

இதோ, காலடிச் சத்தம். அவள்தான். அரங்கம் மூச்சு விடாமல் இருக்கிறது. நானும்தான்.

பெஞ்சுப் பக்கத்தில் மண்டியிடுகிறாள். சிரித்துவிடாதே தாயே என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு விம்மல். அப்புறம் என் மார்பில் விழுந்து அழுகிறாள் பாருங்கள், கேவிக் கேவி! சட்டை நனைகிறது. சுத்தமான சொந்தக் கண்ணீர். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். என் தம்பி வேஷக்காரனுக்கு வசனம் வரவில்லை. நன்றாகப் பாருடா.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதற்காக நிஜமாகவே சாகலாம்.

அவள் வாய் என் காதருகே வருகிறது. விசும்பலுக்கு நடுவே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறாள்.

"உங்களை நினைச்சா வரவே இல்லைங்க. நீங்க சொன்னீங்களே, அவரை நினைச்சேன். எவ்வளவு நல்ல மனுஷன், பாவம்."

செத்தவன் எழுந்து பதில் சொல்லவும் வழியில்லை. அவளுக்கு மறுபடியும் பொங்கிக்கொண்டு வருகிறது. அந்தப் படுபாவிக்காக, என் மார்பின் மேல்.

நாளைக்கும் இதே நாடகம் உண்டு. அவள் அழாவிட்டால் போகிறது. அதற்குள் அவனுக்கு ஒரு சின்ன வீடு ஏற்பாடு செய்தாக வேண்டும்.