நாலு கல்லும் நலம்

நில அளவை அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை. அன்றன்றைய சேதியை சர்வேயர் சாக்பீஸால் எழுதிப் போடுவார். ஜனங்கள் படித்துவிட்டுப் போவார்கள். உள்ளே வந்து உயிரை வாங்க மாட்டார்கள்.

புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரியம்மா வாசலிலேயே நின்று படித்தார்.

'வடக்குத் தெரு மனை: அளந்தாயிற்று.
பள்ளிக்கூட மைதானம்: எல்லைக்கல் நட்டாயிற்று.
பெரியவர் வயல்: நாலு கல்லும் நலம்.'

"நலமா? கல்லுக்கு என்ன, காய்ச்சலா வந்துச்சு?"

கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அந்த வயலே இப்ப இல்ல மேடம். ஏரியைப் பெருசாக்கினப்போ தண்ணியில முழுகிப்போச்சு. நிலத்தை அளக்கச் சொன்னா, நம்ம சர்வேயர் கதை அளக்குறார்."

சர்வேயரைக் கூப்பிட்டார் அதிகாரியம்மா.

"தண்ணிக்கு அடியில இருக்கிற கல்லு நல்லா இருக்குன்னு உங்களுக்கு யார் வந்து சொன்னது? மீனா?"

சர்வேயர் தலையைச் சொறிந்தார்.

"ஏரிக்கரை வரைக்கும் வாங்க மேடம். சொல்றேன்."

போனார்கள். கரையில் பனிமூட்டம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. சர்வேயர் ஸ்டாண்டை விரித்தார். தூரத்தைப் பார்த்து அளக்கும் கருவியை அதன்மேல் பூட்டினார். ஒதுங்கி நின்றார்.

அதிகாரியம்மா கண்ணை வைத்துப் பார்த்தார். வெறும் வெள்ளை. கொஞ்சம் பொறுத்து வெள்ளை நகர்ந்தது. தண்ணீர் வந்தது. தண்ணீருக்குள் மேகம். மேகத்தின் மேல் ஒரு கொக்கு, கால் நனையாதது போல, மெதுவாக நடந்து போனது.

"என்ன தெரியுது மேடம்?"

"ஒண்ணும் தெரியல."

கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"எனக்கும் அதான். ஆனா வாரா வாரம் வந்து பார்த்துட்டுத்தான் எழுதுறேன். பார்க்காம எழுதினா பொய்யாயிடும்ல?"

"இது மட்டும் என்னவாம்?"

சர்வேயர் ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நிலம் போனதுலேர்ந்து பெரியவருக்குப் புத்தி சரியில்ல மேடம். வயல் அப்படியே இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். வாரா வாரம் ஆபீசுக்கு வந்து, 'கல்லு எப்படிப்பா இருக்கு?'ன்னு கேப்பார். நலம்னு சொன்னா, சிரிச்சுட்டுப் போயிடுவார். போர்டுல எழுதிட்டா ஊர்ல வேற எவனும் வாய் தவறிச் சொல்லிட மாட்டான் பாருங்க. முழுகிடுச்சுன்னு எப்படி மேடம் என் வாயால சொல்றது?"

"உங்க வாய் வேணாம். நான் சொல்றேன்."

"மேடம், ஆளு தாங்க மாட்டார்."

"அரசாங்க போர்டுல இல்லாத வயலை இருக்குன்னு எழுதுறீங்க. மேலே தெரிஞ்சா உங்க வேலை தாங்காது. இன்னையோட இது நிக்கணும்."

சர்வேயர் கருவியைக் கழற்றினார். திருகாணி இரண்டு தடவை கைதவறிக் கீழே விழுந்தது. குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் அதிகாரியம்மா.

அன்று மதியமே பெரியவர் வந்துவிட்டார். அதிகாரியம்மா சர்வேயரை ஏதோ ஒரு தெருவை அளக்கச் சொல்லி வெளியே அனுப்பினார். பெரியவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். மின்விசிறியைக்கூட அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"பெரியவரே, மனசைத் திடப்படுத்திக்குங்க."

"ஐயையோ, யாரு போயிட்டா?"

"யாரும் போகல. உங்க வயல்தான். அது ஏரிக்குள்ள போயிடுச்சு. கல்லு நாலும் தண்ணிக்கு அடியில."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதைச் சொல்லவா இத்தனை உபசாரம்? தண்ணி ஏறினப்போ அந்த வயல்ல நின்னவனே நான்தாம்மா. இடுப்பு நனைஞ்சப்புறம்தான் கரைக்கு வந்தேன்."

அதிகாரியம்மா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்போ எதுக்கு வாரா வாரம் வந்து கேக்குறீங்க?"

பெரியவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். சர்வேயர் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

"என் வயலை ஏரிக்குன்னு அளந்து கொடுத்தது அவன்தாம்மா. அவன் வேலை, அவன் செஞ்சான். நான் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அதுக்கப்புறம் என்னை ரோட்டுல பார்த்தா சந்துக்குள்ள புகுந்துடுவான். சாப்பிடறதில்ல, தூங்கறதில்லன்னு அவன் பெண்டாட்டி வந்து என் மருமககிட்ட அழுதா. சரி, நாமளே போய்ப் பேச்சுக் கொடுப்போம்னு இங்க வந்தேன். வந்துட்டேனே ஒழிய, என்ன பேசறதுன்னு தெரியல. 'கல்லு எப்படிப்பா இருக்கு?'ன்னு உளறிட்டேன். அவன் என்னையே பார்த்தான். 'நலம்'னான். அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம். அதுலேர்ந்து வந்துட்டுத்தான் இருக்கேன். முட்டி வலி வேற."

"உங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்."

"நினைக்கட்டும். அதுல எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவு வரை போனவர் நின்றார்.

"நீங்க சொல்லிட்டீங்களான்னு அவன் வந்து கேப்பான்மா. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், பைத்தியக்காரக் கிழவன் நம்ப மாட்டேங்கிறான்னு சொல்லிடுங்க."