இரண்டு சீட்டுகள்

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தல் நாள். கிரீனாக் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில், நூலில் கட்டிய பென்சிலைப் பிடித்தபடி இஷ்பெல் இரண்டு சீட்டுகளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஒன்று வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. கப்பல் பட்டறையில் உழைத்த அப்பாவை நினைத்து ஒன்றில் தொழிற்கட்சிக்குப் பெருக்கல் குறி போடுகிறாள். தனி நாடு கேட்கும் மகளை நினைத்து மற்றதில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு. இரண்டும் பெட்டிக்குள் விழுந்த பிறகு, இதில் தன் ஓட்டு எது என்று அவளுக்கே விளங்கவில்லை. வாசலில் சிவப்புப் பட்டை குத்திய தொழிற்கட்சிக்காரர் தலையசைக்கிறார், இவளும் அசைக்கிறாள். தேசியக் கட்சியின் மஞ்சள் பட்டைப் பெண் சிரிக்கிறாள், இவளும் சிரிக்கிறாள். தூறலில் நாயோடு நிற்கிறார் கணவர் லாக்லன்.

"என்ன, நம்ம கட்சிக்குத்தானே போட்ட?"

"பின்னே?"

நாலடி நடந்ததும் அவள் நிற்கிறாள். "ஏங்க, நம்ம கட்சின்னா எது?"

அவர் நாயைப் பார்க்கிறார். வானத்தைப் பார்க்கிறார்.

"மழை வலுக்குது. நட."