இரண்டாவது மேடு

"அண்ணி, அந்தக் குழாயை எதுக்கு எடுக்கிறீங்க?"

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. கீழே அரவைப் பிரிவில் அண்ணன். அவன் அரைத்து அனுப்பும் பொடியை இவர்கள் அளந்து சொல்ல வேண்டும்.

ஆஸ்துமாக்காரர்கள் மூச்சோடு இழுக்கும் மருந்து அது. மைபோல அரைந்திருந்தால்தான் நெஞ்சுக்குள் இறங்கும். துகள் கொஞ்சம் பெரிதானாலும் தொண்டையோடு நின்றுவிடும்.

போன மாதம் அண்ணன் அரைத்த சரக்கு ஒன்று இப்படித்தான் கரடாகிக் குப்பைக்குப் போனது. "இன்னொரு தடவை ஆச்சுன்னா அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு டிரம் வரும்போதும் முடிவு தெரியும்வரை நாத்தனார் வேறு வேலையைத் தொட மாட்டாள்.

டிரம்மைத் திறந்து மேலாக ஒரு கரண்டி அள்ளிக்கொள்வதுதான் ஆய்வகத்து வழக்கம். அடிவரை இறங்கும் நீளக் குழாயில்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குழாய் பாட்டுக்குச் சுவரில் தொங்கும். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் அதற்குக் குளியல்.

"இருக்கிறதை எடுத்தா என்ன?" என்றாள் அண்ணி, முகத்தைப் பார்க்காமல்.

"இத்தனை நாளா கண்ணுல படலையா? அண்ணன் அரைச்சதுக்குத்தானா கிடைச்சுது?"

குழாய் டிரம்முக்குள் இறங்கிக்கொண்டே போனது. அண்ணி இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பாள்? செய்கிற வேலை அப்படி!

ஆய்வகத் தலைவர் நாற்காலி காலியாக இருப்பது ஊருக்கே தெரியும். கட்டின புருஷன் என்றுகூடப் பார்க்காத கறார்க்காரி என்று பெயர் எடுத்தால், அந்த நாற்காலி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நாத்தனாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அண்ணி ஒரு சிட்டிகைப் பொடியைத் திரவத்தில் கலக்கி, துகளை அளக்கும் மெஷினில் ஊற்றினாள். லேசர் வெளிச்சம் அதற்குள் புகுந்து போனதும் திரையில் கோடு ஏற ஆரம்பித்தது. ஒரே ஒரு மேடு வந்தால் பொடி ஒரே சீர். பிழைத்தோம்.

கோடு ஏறியது. இறங்கியது. நாத்தனார் மூச்சு விடப் போனாள். அதற்குள் கோடு கொஞ்சம் தள்ளி மறுபடி ஏறியது. இரண்டாவது மேடு. பெரிய துகள்கள்.

"காத்துக் குமிழியா இருக்கும் அண்ணி! இன்னொரு தடவை ஓட்டுங்க!"

ஓட்டினாள். மேடு அசையவில்லை.

"சரி, கட்டி தட்டியிருக்கும். அல்ட்ராசோனிக்ல வச்சு நல்லா அதிர விடுங்க. உடைஞ்சு தூளாயிடும்."

"மருந்தை இழுக்கிறவங்க தொண்டையில யாரு அல்ட்ராசோனிக் வைப்பா?"

"அப்போ நான் போய் மேலாக ஒரு கரண்டி எடுத்துட்டு வரேன். ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணி, அண்ணனுக்கு வேலை போயிடும்! அவர் உங்க புருஷன்!"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அண்ணி பொத்தானை அழுத்தினாள்.

அவ்வளவுதான். முடிவு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் தலைமை அலுவலகம் வரை போய்விடும். மேனேஜரே நினைத்தாலும் அழிக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் கீழே மேனேஜரின் சத்தம் கேட்டது. அப்புறம் சேதி வந்தது. அண்ணனைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணி மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

உடை மாற்றும் அறையில் அண்ணன் மட்டும் இருந்தான். தலையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உனக்கு விஷயமே தெரியாது. அண்ணிதான் உன்னைக் கவுத்துட்டாங்க!" நாத்தனாருக்கு அழுகை முட்டியது. "எல்லாரும் மேலாகத்தான் எடுப்போம். அவங்க குழாயை விட்டு எடுத்தாங்க. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், காதுலயே போட்டுக்கல."

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தான்.

"குழாயை அடிவரைக்கும் விட்டாளா?"

"தரை தட்டுற வரைக்கும்!"

அண்ணன் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். உடைந்துபோய்விட்டான் என்று பயந்து நாத்தனார் தோளைப் பிடித்தாள். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"சத்தம் போடாதே. அரைக்கும்போது நடுவுல சல்லடை கிழிஞ்சு போச்சு. குருணை குருணையா இறங்கிடுச்சு. உடனே மேனேஜர்கிட்ட ஓடினேன். 'மேல நல்ல பொடியைப் போட்டு மூடு. வெளியில மூச்சு விட்டே, உன்கூட அரவையில நிக்கிறவங்களுக்கும் வேலை இருக்காது'ன்னாரு."

"அய்யய்யோ! அப்புறம்?"

"நான் வாயைத் திறக்க முடியாது. உங்க லேப் மெஷினே சொல்லிட்டா யார் என்ன பண்ண முடியும்? அதான் உங்க அண்ணிகிட்ட சொன்னேன், அடியில இருந்து எடுன்னு."

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"என் வேலைக்குப் பயந்துக்கிட்டு அவ மேலாகவே அள்ளிடுவாளோன்னுதான் காலையில இருந்து எனக்கு உயிரே இல்ல."