ஒன்பதாம் பக்கம்

சம்பந்தம் இறந்த அடுத்த மாதம் பிராக் நகரிலிருந்து அவர் பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. அங்கே மாணவராக இருந்தபோது கம்யூனிஸ்ட் அரசின் ரகசியப் போலீஸ் அவரைப் பற்றி எழுதிவைத்த கோப்பின் நகல். ஆட்சி மாறிய பின் யாரும் தம் கோப்பைக் கேட்டு வாங்கலாம். அவரும் கேட்டிருந்தார்.

அவர் மனைவி மங்கையர்க்கரசி மூன்று நாள் அகராதியோடு உட்கார்ந்து அதைப் படித்துவிட்டாள். கணவரோடு முப்பது வருடம் பிராக் வானொலி கேட்டவளுக்குச் செக் மொழி புரியும் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. வாராவாரம் அவரைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லிவந்தவர், விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த குணசீலன்.

ஞாயிற்றுக்கிழமை குணசீலன் வழக்கம்போல் வந்தார். பிராக் அரசியலையும் சம்பந்தத்தைப் பற்றியும் பேச அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆள். அவள் அந்த உறையை எடுத்துவந்தாள்.

“குடுங்க அண்ணி, நான் படிச்சுச் சொல்றேன். உங்களுக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும்” என்று சிரித்தார்.

தமிழில் சொல்லிக்கொண்டே போனவரின் குரல் ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் நின்றது.

“சொன்னது யாருன்னு போட்டிருக்கா?” என்று கேட்டாள்.

அவர் நிமிரவில்லை. “கொஞ்சம் தண்ணி கொண்டாங்க அண்ணி. தொண்ட காஞ்சுபோச்சு.”

பொய் சொன்னால் இனி அவரை உள்ளே விட முடியாது. உண்மையைச் சொன்னால் அவரே வரமாட்டார். அடுக்களையில் சொம்பு நிறைந்து வழிந்தது. கூடத்தில் ஒரு தாளை உருவும் சத்தம் கேட்டது.

அவள் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.