கம்பத்தில் பட்ட பந்து

மாலக்கி கியர் மாற்றிய கோபத்தில் கார் குலுங்கியது. போன வருஷம் கோப்பை வாங்கிய அவர்கள் ஊர் கில்ப்ராக் அணி, அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட உருப்படியாக ஜெயித்திராத டூனகாவிடம் தோற்றுவிட்டது.

"முதல் பாதியில அவனுங்க அடிச்சதெல்லாம் கம்பத்துல பட்டுத் திரும்புச்சு. சரி, நமக்கு நல்ல நேரம்னு நினைச்சேன். அடுத்த பாதியில நம்ம பசங்க அடிச்சதும் போய்க் கம்பத்துலயே முட்டுது. அப்படி என்ன பாவம் பண்ணினோம்?"

மனைவி அட்ராக்டா கைப்பையைக் கட்டிக்கொண்டு, வெளியே மேய்கிற மாடுகளைப் பார்த்தாள். பின்சீட்டில் கோல்கீப்பர் மகன் ஃபின்டன், ஆட்டம் முழுக்கப் பெய்த மழையில் ஊறிப்போய், மூன்று கோல் விட்ட துக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"யாரோ கண்ணு வெச்சிருக்காங்க. அந்த லூர்து தீர்த்தத்தை எடு, பையன் தலையில தெளிப்போம்."

"தீர்ந்துபோச்சுங்க."

"காலையில பாட்டில் நிறைய இருந்துச்சே?"

அட்ராக்டா மாடுகளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "இவன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு பார்த்துட்டு, ஓடிப்போய் அந்தக் கம்பத்துல மொத்தத்தையும் ஊத்திட்டேன். ஒரு பந்தும் உள்ள போகக்கூடாது மாதாவேன்னு வேண்டிக்கிட்டேன். பாதியில பக்கம் மாறுவாங்கன்னு ஞாபகமே வரலை."

மாலக்கி காரை ஓரங்கட்டினான்.

"அடிப்பாவி, அதை இவன் தலையிலேயே ஊத்தியிருக்கலாமே. ரெண்டு பக்கமும் இவன்கூடவே போயிருக்குமே."

"நல்லா சொன்னீங்க. பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்காதா?"